கல்லாங்குளத்துக் கடைக்காவல்

கல்லாங்குளத்தின் மேற்குக் கரை மலைக்காட்டு விலங்குகளுக்குச் சொந்தம். கிழக்குக் கரை புல்வெளி மான்களுக்குச் சொந்தம். மழை பெய்த வருடங்களில் இரண்டு கரையும் ஒரே நேரத்தில் வாய் வைத்துக் குடித்தன. மழை பொய்த்த வருடங்களில்தான் வம்பு.

மேற்குக் கரைக் கூட்டத்துக்குச் செவ்வந்தி தலைவி. அவள் ஒரு மிளா. காட்டு மான்களிலேயே பெரிய சாதி. அவளுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் கொம்பரசு. பெயருக்கேற்ற கொம்பு. அவன் தலையை நிமிர்த்தி நின்றால், இதில் கூடு கட்டலாமா என்று குருவிகள் யோசிக்கும்.

இளையவள் தினை. தினைக்குப் பின்னங்கால் ஒன்று சரியில்லை. சென்ற பனிக்காலத்தில் ஒரு செந்நாய் அதைக் கவ்விவிட்டது. செவ்வந்தி குட்டியைத் தனக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு, நாயை எதிர்த்து நின்று, ஓரடி ஓரடியாகப் பின்வாங்கித் தண்ணீருக்குள் கொண்டுபோய்க் காப்பாற்றினாள். குட்டி பிழைத்தது. கால் பிழைக்கவில்லை.

அந்த வருடம் கோடை கொடுமையாக இருந்தது. கல்லாங்குளம் சுருங்கிச் சுருங்கி நடுவில் ஒரு கலங்கல் குட்டையாக நின்றது. ஒரு கரைக்குத்தான் அது போதும். இரண்டு கரையும் குடித்தால் இரண்டு கரையும் சாகும்.

முன்னொரு காலத்தில் இப்படிப்பட்ட கோடைகளில் கொம்போடு கொம்பு மோதித் தீர்த்துக்கொண்டார்கள். ஒரு கோடையில் இரண்டு பக்கமும் பாதிப்பேர் செத்து, குளத்துத் தண்ணீர் குடிக்க முடியாதபடி சிவந்துவிட்டது. ஜெயித்தவர்களும் தாகத்தோடு நின்றார்கள். அதன் பிறகுதான் பனங்காய் ஆட்டம் வந்தது.

ஆட்டம் எளிது. கரைக்கு ஒரு வாசல். இரண்டு கரையான் புற்றுகளுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் வாசல். நடுத்தரையில் காய்ந்து இறுகிய பனங்காய் ஒன்றைப் போடுவார்கள். காலாலும் மூக்காலும் தள்ளலாம். கொம்பால் குத்தக் கூடாது. எதிராளியின் வாசலுக்குள் மூன்று முறை பனங்காயை உருட்டிவிடுகிற கூட்டத்துக்குக் குளம். தோற்ற கூட்டம் மறுநாள் விடிவதற்குள் கிளம்பிவிட வேண்டும். கணவாயைத் தாண்டிப் பேராற்றுக்குப் போக வேண்டும். நடுவராகக் குளத்து ஆமை இருந்தது. அதற்கு இரண்டு கரையும் ஒன்றுதான்.

பேராற்று வழி நல்ல கால்களுக்கே கடினமான வழி. கணவாயில் செந்நாய்கள் படுத்திருக்கும். தினையால் அந்த வழியை நடக்க முடியாது. ஆட்டத்தில் தோற்றால் தினை இல்லை. செவ்வந்திக்கு அந்தக் கோடையில் இருந்த கவலை அது ஒன்றுதான்.

முன்னே நின்று பனங்காயைத் தள்ளுகிறவர்களைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. காட்டுப்பன்றி உறுமனும் அவன் தம்பிகளும் தலையைக் குனிந்து தள்ள ஆரம்பித்தால் மரமே விலகும். யோசனையெல்லாம் கடைக்காவலைப் பற்றித்தான். வாசலுக்கு முன்னால் ஒற்றை ஆளாக நிற்பவருக்குக் கடைக்காவல் என்று பெயர். முன்னே நிற்பவன் தப்புச் செய்தால் அவனுக்குப் பின்னால் ஆள் உண்டு. கடைக்காவல் தப்புச் செய்தால் பின்னால் வாசல்தான் உண்டு.

அதிலும் கிழக்குக் கரையில் அந்த வருடம் சுழியன் என்றொரு வெளிமான் வந்திருந்தான். இந்தப் பக்கம் என்று காட்டிவிட்டு அந்தப் பக்கம் போகிறவன். அவனைத் துரத்திய சிறுத்தை ஒன்று இன்னும் கழுத்துச் சுளுக்கோடு திரிவதாகக் காட்டில் பேச்சு.

கடைக்காவலைத் தேர்ந்தெடுக்க மேற்குக் கரையில் ஒரு முறை இருந்தது. போட்டிக்கு வருகிறவர்கள் மாலை வெயிலில் வெள்ளைப் பாறைமேல் ஏறி நிற்க வேண்டும். யாருடைய நிழல் அதிக நீளமோ அவர் முதல். பிறகு புளியமரத்திலிருந்து ஆலமரம் வரை நேராக ஓட வேண்டும். யார் முதலில் தொடுகிறாரோ அவர் முதல். இரண்டிலும் முதலாக வருபவர் கடைக்காவல். நிழலை ஏன் அளக்கிறோம் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், அப்பா அளந்தார், தாத்தா அளந்தார் என்ற பதில்தான் வந்திருக்கும்.

கொம்பரசு பாறைமேல் ஏறி நின்றான். அவன் நிழல் பாறையைத் தாண்டி, மணலைத் தாண்டி, தண்ணீரைத் தொட்டது. கொம்பின் நிழலே ஒரு மரத்தின் நிழல் அளவுக்கு விரிந்தது. கூட்டம் வாயைப் பிளந்தது. செவ்வந்திக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அடுத்து ஏறியவள் பாறைச்சி. அவள் ஒரு வரையாடு. மலை உச்சியில் புல் தீப்பிடித்து எரிந்ததால் அந்தக் கோடையில் கீழே இறங்கி வந்தவள். குட்டைக் கால், தடித்த கழுத்து, முழங்காலில் காய்த்துப்போன தோல். பார்க்க ஒன்றும் அழகில்லை. பேச்சும் வெடுக்கென்றுதான் இருக்கும். அவள் நிழல் பாறையின் விளிம்போடு நின்றுவிட்டது.

"இது நிழலா, இல்ல பாறைக்கு அடியில கசியுற ஈரமா?" என்று உறுமன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். செவ்வந்தியும் சிரித்தாள்.

ஓட்டத்திலும் அப்படித்தான். கொம்பரசு ஆலமரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது மற்றவர்கள் பாதி வழியில் இருந்தார்கள். பாறைச்சி பன்றிகளுக்கும் பின்னால் வந்தாள். வந்தவள் வெட்கப்படவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே நேராகச் செவ்வந்தியிடம் போனாள்.

"அக்கா, நேரா ஓடச் சொன்னீங்க, ஓடினேன். கடைக்காவல் என்னைக்கு நேரா ஓடியிருக்கு? பின்னால நடக்கச் சொல்லிப் பாருங்க. நடக்கும்போதே சட்டுனு திரும்பச் சொல்லிப் பாருங்க. அப்ப யார் எப்படின்னு தெரியும்."

அவள் பிறந்து வளர்ந்த மலையில் பாதை என்பது நாலு குளம்பு வைக்கிற இடம்தான். எதிரே ஒருவர் வந்தால் பின்னால் நடந்தே போக வேண்டும். திரும்ப வேண்டுமென்றால் நின்ற இடத்திலேயே இடுப்பை மடக்கித் திரும்ப வேண்டும். மடங்காத இடுப்புக்காரர்கள் அங்கே ஒரே ஒரு தடவைதான் திரும்பிப் பார்ப்பார்கள். இதையெல்லாம் பாறைச்சி சொன்னாள்.

செவ்வந்திக்கு அது புரியாமல் இல்லை. பனிக்காலத்தில் செந்நாயின் முன்னால் அவளும் பின்னால்தான் நடந்தாள். அவள் உயரமும் ஓட்டமும் அன்றைக்கு ஒன்றுக்கும் உதவவில்லை. ஆனாலும் பக்கத்தில் கொம்பரசு மாலை வெயிலில் நின்றுகொண்டிருந்தான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. மிளாவுக்கு மட்டும் வேறு விதியா?

"முறைன்னு ஒண்ணு இருக்கு, பாறைச்சி. நேத்து வந்தவங்களுக்காக அதை மாத்த முடியாது" என்றாள் செவ்வந்தி.

பாறைச்சி திரும்பினாள். போய் ஒரு முள்செடியைக் கடிக்க ஆரம்பித்தாள்.

அன்று இரவு கொம்பரசு மட்டும் தாயிடம் வந்து, பின்னால் நடந்து பழகிப் பார்க்கட்டுமா என்று கேட்டான். அவன் கெட்ட பிள்ளை இல்லை. தாய் சொன்னதற்கு மறுபேச்சுப் பேசாதவன். உன் கொம்பைப் பார்த்தாலே சுழியன் நின்றுவிடுவான், உனக்கு எதற்கு அந்த வேலை என்று செவ்வந்தி அவனைத் தட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டாள்.

காலையில் ஆட்டம் தொடங்கியது.

தொடக்கம் நன்றாகவே இருந்தது. உறுமனும் தம்பிகளும் மண்ணைக் கிளப்பிக்கொண்டு போய்ப் பனங்காயைக் கிழக்கு வாசலுக்குள் தள்ளினார்கள். மேற்குக் கரையே ஆடியது. தினை ஒரு காலைத் தூக்கிக்கொண்டு மற்ற மூன்று காலில் குதித்தாள். செவ்வந்தி அவளைப் பார்த்துக் கண் கலங்கினாள்.

பிறகு பனங்காய் சுழியன் காலுக்கு வந்தது.

அவன் வேகமாக வரவில்லை. குதித்துக் குதித்து, ஏதோ புல் மேய வருகிறவன் போல வந்தான். கொம்பரசு வாசலுக்கு முன்னால் நிமிர்ந்து நின்றான். சுழியன் தலையை இடப்பக்கம் வெட்டினான். கண்ணையும் அந்தப் பக்கமே ஓட்டினான். கொம்பரசு இடப்பக்கம் பாய்ந்தான். பனங்காய் வலப்பக்கமாக உருண்டு போனது.

கொம்பரசு திரும்பினான். அவ்வளவு நீளமான கால்கள் திரும்ப இடம் கேட்டன. அவ்வளவு பெரிய கொம்பு திரும்ப நேரம் கேட்டது. மாட்டுவண்டியைத் திருப்புவதுபோல் அவன் ஒரு சுற்றுச் சுற்றி வந்து நேராக ஓட ஆரம்பித்தபோது, அவன் ஓட்டத்துக்கு ஈடே இல்லை. ஆனால் பனங்காய் ஏற்கெனவே உள்ளே கிடந்தது.

"கண்ணுல வெயில் அடிச்சிருக்கும்" என்றாள் பக்கத்தில் நின்ற ஒரு புள்ளிமான். ஆமாம் என்று செவ்வந்தியும் சொன்னாள்.

பன்றிகள் இன்னொரு முறை தள்ளி, மேற்குக் கரைக்கு இரண்டு ஆனது. சுழியன் மறுபடியும் வந்தான். இந்த முறை செவ்வந்தி மகனைப் பார்க்கவில்லை, சுழியனைப் பார்த்தாள். அவன் தலை வலப்பக்கம் போனது. காது வலப்பக்கம் போனது. முன்கால் கூட வலப்பக்கம் போவதுபோல் உயர்ந்தது. இடுப்பு மட்டும் இடப்பக்கம் திரும்பியிருந்தது. செவ்வந்திக்கு அது கரையிலிருந்தே தெரிந்தது. தலை பொய் சொல்லும், இடுப்பு பொய் சொல்லாது. பனிக்காலத்தில் அவள் நாயின் பல்லைப் பார்க்கவில்லை, அதன் இடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால்தான் தினை இன்னும் உயிரோடிருந்தாள்.

கொம்பரசு சுழியனின் தலையை நம்பினான். பனங்காய் இடப்பக்கமாக உள்ளே போனது.

இரண்டுக்கு இரண்டு. அடுத்தது யாருக்கோ, குளம் அவர்களுக்கு.

ஆட்டத்தின் நடுவே ஆளை மாற்றலாம். தலைவி கரையிலிருந்து பெயர் சொன்னால் போதும்; ஆமை தலையை ஆட்டிவிடும். பாறைச்சி கூட்டத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான்.

கொம்பரசு வாசலுக்கு முன்னால் இரைக்க இரைக்க நின்று, கரையைத் திரும்பிப் பார்த்தான். தாயையே பார்த்தான்.

பையன் தைரியத்துக்காகப் பார்க்கிறான் என்று செவ்வந்தி நினைத்தாள். அவள் வாய் திறந்தது. பாறைச்சி என்ற பெயர் நுனி நாக்குவரை வந்தது. சுற்றிலும் எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேற்றுத்தான் இவர்கள் முன்னால் அவன் நிழல் குளத்தைத் தொட்டது. இவர்கள் முன்னாலேயே பிள்ளையை வெளியே வா என்று எப்படிச் சொல்வது? இன்னும் ஒரே ஒரு முறை பார்க்கலாம் என்று மனம் கெஞ்சியது. அவள் வாயை மூடிக்கொண்டு மகனுக்குத் தலையை அசைத்தாள்.

கொம்பரசு திரும்பி நின்றான். சுழியன் வந்தான். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. அதே தலை, அதே இடுப்பு, அதே பனங்காய். கிழக்குக் கரை கத்திய கத்தலில் கொக்குகள் எழுந்து பறந்தன. ஆமை ஒரு முறை தலையை உள்ளே இழுத்து வெளியே நீட்டியது. ஆட்டம் முடிந்தது.

தினைக்கு விவரம் தெரியாது. "அடுத்த வருஷம் ஜெயிச்சுக்கலாம்மா" என்றாள். செவ்வந்தி அவளை நக்கிக்கொடுத்தாள்.

மறுநாள் விடிவதற்குள் மேற்குக் கரை காலியானது. கூட்டம் தினையின் நடைக்கு நடந்தது. அதனால் வெயில் அவர்களை முந்திவிட்டது. கணவாயின் வாயை அடைந்தபோது பாறைகள் சுட ஆரம்பித்திருந்தன.

கணவாய் என்றால் வறண்டுபோன ஓடைதான். இரண்டு பக்கமும் சுவர் போலப் பாறை. இரண்டு பேர் ஒட்டி நடக்கலாம், அவ்வளவு அகலம். மறுமுனையில் பேராற்றின் பச்சை தெரிந்தது. அந்தப் பச்சையை எல்லோரும் பார்த்த நேரத்தில், பின்னால் சரளைக்கல் உருண்டது.

செந்நாய்கள். அவசரப்படாமல் வந்தன. முதல் நாய் ஒரு கல்மேல் உட்கார்ந்து, பழகியவன் போலப் பேசியது. "எல்லாரையும் தொந்தரவு பண்ண எங்களுக்கும் ஆசை இல்லை. அந்த நொண்டிக்குட்டியை மட்டும் விட்டுட்டு நடங்க. மத்தவங்களைத் தொடமாட்டோம்."

உறுமன் தரையைப் பார்த்தான். புள்ளிமான்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. இரண்டொரு நாய்கள் அதற்குள் பாறையின் பின்பக்கமாக நழுவிப் போவதைச் செவ்வந்தி கவனித்தாள். மேலே சுற்றிக்கொண்டு போய் மறுமுனையை அடைப்பதுதான் அவற்றின் திட்டம். இனி இரண்டு காவல் வேண்டும். ஒருவர் நேராக ஓடிப் போய் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இன்னொருவர் இங்கே, கூட்டத்தின் கடைசியில், நாய்களைப் பார்த்தபடி பின்னாலேயே நடந்து வர வேண்டும்.

கொம்பரசு முன்னால் வந்தான். "அம்மா, நான் கடைசியில நிக்கிறேன். குளத்தைத் தோத்தது நான். இதை நான் பார்த்துக்கிறேன்."

அவன் கண் கலங்கியிருந்தது. வேண்டாம் என்று சொன்னால் அவன் உடைந்துவிடுவான் என்று அவளுக்குத் தோன்றியது. கூட்டம் முழுவதும் அவளைப் பார்த்தது. குளக்கரையில் பார்த்த அதே கண்கள். தினை அவள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு நடுங்கினாள்.

"நீ வேண்டாம், ராசா. உனக்கு அது வராது" என்றாள் செவ்வந்தி. குரல் நடுங்கினாலும் சொல் நடுங்கவில்லை. "நீ முன்னால ஓடு. மறுமுனையைப் பிடிச்சுக்கிட்டு நில்லு. கொம்பு அங்கதான் வேணும். கடைசியில பாறைச்சி வரட்டும்."

கொம்பரசு அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

"இதைக் குளத்துலயே சொல்லியிருக்கலாமேம்மா. ரெண்டாவது உருண்டதும் எனக்கே தெரிஞ்சுபோச்சு. நீ கூப்பிடுவேன்னுதான் உன்னையே பார்த்தேன்."

சொல்லிவிட்டு ஓடினான். நேர்வழியில் அவன் ஓட்டத்தைப் பிடிக்க அந்தக் காட்டில் யாரும் இல்லை. மேலே சுற்றிப் போன நாய்கள் மறுமுனைக்கு வந்து எட்டிப் பார்த்தபோது, அங்கே இரண்டு சுவர்களுக்கு இடையே கொம்பு நின்றது. அவை மேலேயே நின்றுவிட்டன.

பாறைச்சி என்னையா கூப்பிட்டீர்கள் என்று குத்திக்காட்டவில்லை. கூட்டத்தைத் தனக்குப் பின்னால் விட்டுவிட்டு, தலையைத் தாழ்த்தி, நாய்களைப் பார்த்தபடி பின்னால் நடக்க ஆரம்பித்தாள்.

முதல் நாய் இடப்பக்கம் பாய்வதாகக் காட்டியது. பாறைச்சி அசையவில்லை. வலப்பக்கம் நிஜமாகவே பாய்ந்தபோது அவள் அங்கே இருந்தாள். குட்டைக் கால்கள் மண்ணோடு மண்ணாக இருந்தன. இடுப்பு மட்டும் சட்டென்று மடங்கியது. நாய் அவள் நெற்றியில் மோதி உருண்டது. இரண்டு நாய்கள் ஒரே நேரத்தில் வந்தன. ஒன்று குரைத்து அவள் கண்ணை இழுக்கப் பார்த்தது, மற்றது சுவரோரமாகத் தினையை நோக்கி நழுவியது. பாறைச்சி குரைத்ததைப் பார்க்கவே இல்லை. நழுவியதைச் சுவரோடு வைத்து நசுக்கினாள்.

ஓரடி, ஓரடி. தினை எவ்வளவு மெதுவாக நடந்தாளோ அவ்வளவு மெதுவாக. செவ்வந்தி குட்டியைத் தன் மூக்கால் தள்ளிக்கொண்டே நடந்தாள். ஒரே ஒரு முறைதான் திரும்பிப் பார்த்தாள். அந்தக் குட்டைக் கால்களைத் தவிர கணவாயில் வேறொன்றும் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. சிரித்தோமே என்று நினைத்தாள்.

மறுமுனைக்குக் கொஞ்சம் முன்னால் தினை இடறி விழுந்தாள். கூட்டம் நின்றது. பாறைச்சியும் நிற்க வேண்டியதாயிற்று. நாய்களுக்கு அந்த நேரம் போதும். எல்லாம் சேர்ந்து பாறைச்சிமேல் விழுந்தன. பாறைச்சி மூன்றைத் தடுத்தாள். நான்காவது பக்கவாட்டில் புகுந்து அவள் பின்தொடையைக் கவ்வியது. கவ்வியதோடேயே அவள் மற்றவற்றைத் தடுத்து நின்றாள், குட்டி எழுந்து நடக்கும்வரை.

கூட்டம் கணவாயைத் தாண்டியதும் கொம்பரசு தாழ்ந்த கொம்போடு உள்ளே பாய்ந்தான். பன்றிகளும் இப்போதாவது பாய்ந்தார்கள். நாய்கள் பின்வாங்கிப் போயின.

பேராற்றில் தண்ணீர் இருந்தது. எல்லோரும் குடித்தார்கள். தினை மூக்கு முழுவதையும் முக்கிக் குடித்தாள்; புரையேறியது; மறுபடியும் குடித்தாள். கொம்பரசு அவள் பக்கத்தில் நின்று, அவள் குடித்து முடிக்கும்வரை தான் குடிக்கவில்லை.

பாறைச்சி கரையில் படுத்திருந்தாள். தொடையில் சதை கிழிந்து தொங்கியது. எலும்புக்கு அருகே நரம்பு அறுந்திருந்தது. காயம் ஆறும், ஆனால் அந்த இடுப்பு இனி பழையபடி மடங்காது. மலையில் மழை பெய்து புல் முளைத்தாலும் அந்த நாலு குளம்புப் பாதையில் அவளால் இனி ஏற முடியாது. இது பாறைச்சிக்குத் தெரிந்தது. பார்த்த மாத்திரத்தில் செவ்வந்திக்கும் தெரிந்தது.

செவ்வந்தி அவள் பக்கத்தில் மண்டியிட்டாள். காயத்தை நக்கிச் சுத்தம் செய்தாள். "என் குட்டியைக் காப்பாத்திக் குடுத்திட்டே, தங்கச்சி. உனக்கு நான் என்ன செய்வேன்?" என்று அழுதாள்.

பாறைச்சி மலை இருந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பேசவில்லை.

"என்னைக் குளத்துலயே நிறுத்தியிருந்தா, இதுக்கு அவசியமே வந்திருக்காது அக்கா."

செவ்வந்தி தலையைக் குனிந்துகொண்டாள். கூட்டம் முழுவதும் அதைக் கேட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அந்தக் கூட்டத்தில் யாரும் நிழலை அளக்கவில்லை.

வேலைக்கு எது வேண்டும் என்று பார்க்காமல் கண்ணுக்கு எது அழகு என்று பார்த்து ஆளை நிறுத்துகிறவர் செய்யும் தவறுக்கு, விலையை எப்போதும் வேறு யாரோதான் கொடுக்கிறார்கள்.